கொடுமுடி மஞ்சள்காட்டுக்கு வந்த கடல்காரர்கள்

இந்தப் பயணம் போய் வந்தது ஆவணி மாதக் கடைசியில். எழுதுவது கார்த்திகையில். ஐப்பசியில் கடல் என்ன ஆகிறது என்று தெரியாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கொடுமுடிக்குப் போன கதைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

நான் கோவை பீளமேட்டில் இருக்கிறேன். வேலை கம்ப்யூட்டர் முன்னால். விடுமுறை கிடைத்தால் கார் சாவியை எடுத்துவிடுவேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு தஞ்சாவூர்க் கடற்கரையில் சேதுபாவாசத்திரம் பக்கம் சுற்றியபோது, நண்டு வலை போடும் அந்தோணி அண்ணன் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி மேரியக்கா சமைத்த நண்டுக் குழம்பைப் பற்றி அப்போதே இந்தப் பயணப் பக்கத்தில் எழுதியிருந்தேன். போகும்போது விருந்தாளி, வரும்போது சொந்தக்காரி என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து மாதம் இரண்டு முறையாவது போனில் பேசிக்கொள்வோம்.

போன வருடம் புரட்டாசியில் மேரியக்கா பேசியபோது குரலே சரியில்லை. "கடல் பச்சையாக் கெடக்கு தங்கச்சி. பெயிண்டைக் கொட்டுன மாதிரி" என்றார். அவர்கள் பக்கம் அதைப் பூங்கோரை என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிர்கள் கோடிக்கணக்கில் பெருகித் தண்ணீரின் நிறத்தையே மாற்றிவிடுகின்றன. அவை செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றையும் தின்றுவிடுகின்றன. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து செத்தன. வலையில் இருந்த நண்டெல்லாம் செத்த நண்டு. இரண்டு வாரம் படகு கரையிலேயே கிடந்தது. தண்ணீரைச் சோதிக்க வந்தவர்களிடம் காரணம் கேட்டதற்கு, "பல காரணம் இருக்கு. வயல்ல போடுற உரம் மழையில கரைஞ்சு ஆத்து வழியா வர்றதும் ஒண்ணு. பயிருக்குப் போட்டதை இது தின்னு வளருது" என்றார்களாம்.

"ஆறு உங்க ஊருப் பக்கமிருந்துதானே வருது?" என்று கேட்டார் மேரியக்கா. காவிரி எங்கள் கொடுமுடி வழியாகத்தான் போகிறது, என் பெரியப்பா மகன் அங்கே விவசாயம் செய்கிறார் என்றேன். பிறகு, "அந்த இடத்தை ஒரு தடவ பாக்கணும் தங்கச்சி. சண்டைக்கு இல்ல. சும்மா பாக்கணும்" என்றார்.

இந்த ஆவணியில் அதற்கு வழி செய்தது அந்தோணி அண்ணனின் கண். வலது கண்ணில் புரை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் கிளினிக்கில் அறுவை முடிந்து, ஒரு வாரம் கழித்து மறுபடி காட்ட வரச் சொன்னார்கள். அதுவரை இருவரும் என் வீட்டில்தான். கண்ணில் தண்ணீரும் தூசும் படாமல் பார்த்துக்கொண்டால் வெளியூர் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், மேரியக்கா என் முகத்தைப் பார்த்தார்.

கொடுமுடிக்குப் போன் போட்டேன். பெரியப்பா மகன் செந்தில் அண்ணன் நல்ல மனுஷன், ஆனால் ரோஷக்காரர். உரத்தைப் பற்றி யாராவது நகரத்திலிருந்து பாடம் நடத்தினால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஆகவே விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

"என்றகூடச் சண்டைக்கு வாராங்களா அம்மிணி?"

"பார்க்கத்தாண்ணா."

"அப்படீன்னா ஒறம்பரையா, விருந்தாளியா வரட்டும். ஊட்டுல சோத்தைப் போட்டுப்போட்டு அப்பறம் பேசிக்கலாம்."

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பீளமேட்டிலிருந்து பல்லடம், காங்கேயம், முத்தூர் வழியாகக் கொடுமுடி. சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர். ஈரோடு வழியாகவும் போகலாம்; தூரம் கூடுதல், லாரிகளும் கூடுதல். அந்தோணி அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு முன் சீட்டில், ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டு, சினிமா வில்லன் மாதிரி உட்கார்ந்திருந்தார். காங்கேயத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன மெஸ் ஒன்றில் சந்தகையும் தேங்காய்ப்பாலும். மூவருக்கும் இருநூற்றுச் சொச்சம். "இடியாப்பத்துக்கு இங்க வேற பேரா?" என்று மேரியக்கா கேட்க, பரிமாறிய பெண்மணி, "இது வேறீங்க, அது வேறீங்க" என்று கொஞ்சம் கறாராகவே சொன்னார்.

காங்கேயம் தாண்டினால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள். ஆவணியிலும் பழுப்பாகத்தான் கிடந்தன. "இம்புட்டுக் காஞ்ச பூமியிலயா வெவசாயம் பண்றாங்க!" என்று மேரியக்கா வியந்தபடியே வந்தார். முத்தூர் தாண்டியதும் நிறம் மாறியது. வாழை, கரும்பு, தென்னை, நடுவே இடுப்புயரத்துக்கு வரப்போகிற மஞ்சள். மழையை மட்டும் நம்பினால் இந்த மண் ஒரு போகம் சோளம்தான் தரும். வாய்க்காலும் கிணறும் உழைப்பும் சேர்ந்து அதை இப்படி ஆக்கியிருக்கின்றன. நான் பிறந்து வளர்ந்த சீமைதான். ஆனாலும் கடல்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளக்கும்போதுதான் எனக்கே அது உறைத்தது.

பத்து மணிக்கு முன்பே கொடுமுடி. சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் ஒரே வளாகத்தில் இருக்கும் கோயில் என்பதால் சனிக்கிழமை கூட்டம் இருந்தது. கோயிலை வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு மேரியக்கா நேராகப் படித்துறைக்கு இறங்கினார். காவிரி அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, "இது நம்ம வீட்டுக்குத்தான் போகுது பாரு" என்று புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தோணி அண்ணன் மேல் படியிலேயே நின்று கையை மட்டும் ஆட்டினார்.

செந்தில் அண்ணனின் தோட்டம் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர், காலிங்கராயன் வாய்க்காலின் கடைசிப் பகுதியில். மேட்டில் மஞ்சள், அதற்குக் கீழே கரும்பு. இரண்டுக்கும் நடுவில் டிராக்டர் போகிற அகலத்துக்கு ஒரு வரப்பு. மஞ்சள்காட்டின் ஓரத்தில் வடிகால் ஒன்று ஓடி, ஓடையில் சேர்ந்து, ஆற்றுக்குப் போகிறது. நாங்கள் போனபோது ஆட்கள் மஞ்சளுக்கு யூரியா போட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இன்னிக்குத்தானுங்க ஆளு கெடைச்சாங்க. நீங்க வாரீங்கன்னு நிறுத்துனா இன்னும் பத்து நாளைக்கு ஆளுக்கு எங்க போறதுங்க?" என்றார், கும்பிட்ட கையை இறக்காமலே.

"உங்க வேலையை நீங்க பாருங்கண்ணே. நாங்க அதைப் பாக்கத்தான் வந்தோம்" என்றார் அந்தோணி அண்ணன்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். பூங்கொடி நங்கை அரிசிம்பருப்பு சோறும் நாட்டுக்கோழி வறுவலும் செய்து வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு நடுவேதான் பேச்சு மெல்லத் திறந்தது. கடலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று நங்கை கேட்க, அவர்கள் பக்கக் கடலடியில் ஏக்கர் ஏக்கராகப் புல் இருக்கிறது, நண்டும் இறாலும் அதில்தான் குஞ்சு வளர்க்கின்றன, கடல் பசு அதைத்தான் மேய்கிறது என்று மேரியக்கா சொன்னார். அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"கடலுக்குள்ள புல்லுக்காடு இருக்குதுங்களா?"

"இருக்கு. தண்ணி தெளிவா இருந்தா வெயில் அடி வரைக்கும் போவும், புல்லு வளரும். மேல பாசி மூடிக்கிட்டா வெயில் போவாது. புல்லு வெளுத்துச் செத்துரும். புல்லு போனா நண்டு போச்சு."

"பயிரை மூடிக் கொடி படர்ந்தாப்புல" என்றார் அண்ணன். விவசாயிக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. ஆனால் உடனே அவருக்கு ரோஷம் வந்தது. "ஏனுங்க, நாங்க போடற நாலு மூட்டைதானுங்களா அத்தனை பெரிய கடலைக் கெடுத்துச்சு? உரம் போடாம இருந்தா மஞ்சக் கெழங்கு வெரல் தண்டிகூட வராதுங்க. நாங்க என்னத்தத் திங்கறது?"

நங்கை புருஷனை முறைத்தார். அந்தோணி அண்ணன் தட்டிலேயே கண்ணாக இருந்தபடி நிதானமாகச் சொன்னார்: "உங்க உரம்னு எழுதியாண்ணே வருது? எங்க ஊரு இறால் பண்ணைத் தண்ணியும் கடல்லதான் விழுது. டவுன் சாக்கடையும் அங்கதான். எங்க பங்கும் இருக்கு. நான் யாரையும் குத்தம் சொல்ல வரல."

எனக்கு அந்த நிமிடம் அவர் மேல் வந்த மதிப்பைச் சொல்லி முடியாது. இரண்டு வாரம் அடுப்பு எரியத் தடுமாறியவர், எதிரில் கிடைத்த ஆள் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம்.

சாப்பிட்டதும் காடு சுற்றினோம். வடிகாலோரம் வந்தபோது அந்தோணி அண்ணன் நின்றுவிட்டார். தேங்கிய தண்ணீர் மேல் பச்சைப் பாசி கெட்டியாகப் படர்ந்து, ஓரத்தில் அழுகிக் கிடந்தது. கறுப்புக் கண்ணாடியில் அது அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. மூக்கை உயர்த்தி, "மேரி, இந்த வாடை..." என்றார். மேரியக்கா குனிந்து ஒரு கை அள்ளினார். "ஆமா. அன்னைக்கு அடிச்ச வாடைதான்." செந்தில் அண்ணன் தினமும் தாண்டிப் போகிற வடிகால் அது. முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றரை மணிக்கு மேற்கே கருத்தது. ஆவணியில் இங்கே சாயங்காலம் இடிமழை வருவது புதிதில்லை; ஆனால் அன்றைக்கு வானிலைச் செய்தியில் அப்படி எதுவும் இல்லை. முதல் சொட்டு விழுந்ததும் அண்ணன், "அட கெரகமே, காலைல போட்ட யூரியா!" என்று தலையில் கை வைத்தார். ஐந்து நிமிடத்தில் கொட்டத் தொடங்கியது. பாத்திகளில் வெள்ளைக் குருணைகள் கரைவது கண்ணுக்குத் தெரிந்தது. மஞ்சள்காட்டுத் தண்ணீர் முழுவதும் கலங்கிக்கொண்டு வடிகால் மடையைப் பார்த்து ஓடியது.

மேரியக்கா மடைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அண்ணனைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அடைச்சா மஞ்சக் கெழங்கு அழுகிப்போயிருமுங்க அக்கா!" அண்ணன் மழைக்கு மேல் கத்தினார். "மஞ்சளுக்குத் தண்ணி நிக்கவே கூடாதுங்க. விட்டா உங்க ஊருக்கு வந்துருமுங்க. நான் என்னத்தப் பண்றது?"

குடைகூட இல்லாமல் ஓடி வந்த நங்கைதான் வழி சொன்னார். "கரும்புக்குத் திருப்பிப் போடுங்க! கரும்பு தாங்குமல்லொ!"

கரும்பு தாங்கும். ஆனால் தண்ணீர் அங்கே போக வேண்டுமென்றால் நடுவரப்பை வெட்ட வேண்டும். போன மாதம்தான் கிராவல் கொட்டிச் சரிசெய்த வரப்பு. வண்டி போக அது ஒன்றுதான் வழி. அண்ணன் ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு மோட்டார் ரூமுக்கு ஓடி மம்முட்டியை எடுத்துவந்து வரப்பின் நடுவில் ஓங்கி வெட்டினார்.

மடையை அடைக்கும் வேலை எங்கள் மூன்று பெண்களுக்கு. வெறும் மண்ணைப் போட்டால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மேரியக்கா காலையில் காலியான யூரியாப் பைகளைக் கேட்டார். நானும் நங்கையும் மண்ணை அள்ளிப் போட, அவர் பையின் வாயை மடித்து அடியில் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து மிதித்து அடுக்கினார். "புயலு வந்தா கடலு வீட்டுக்குள்ள வராம இப்படித்தான் அடுக்குவோம். நெட்டுக்கு வைக்காத, படுக்க வை!" மோட்டார் ரூமின் வாசலில் அந்தோணி அண்ணன் தவித்துக்கொண்டிருந்தார். ஒரு கால் வெளியே வந்ததும் மேரியக்கா, "கண்ணுல சொட்டுத் தண்ணி பட்டுச்சு, உன்னைய இங்கயே விட்டுட்டுப் போயிருவேன்!" என்று போட்ட சத்தத்தில் இடிகூட அடங்கியது. அவர் உள்ளே போனார்.

வரப்பு உடைந்ததும் தண்ணீர் ஒரு கணம் சுழன்று, கரும்புக்காட்டுக்குள் பாய்ந்தது. மடையில் கசிவு மட்டும்தான். மழை முக்கால் மணி நேரம் பெய்து நின்றபோது நாங்கள் நால்வரும் தலை முதல் கால் வரை சேறு. என் செருப்பில் ஒன்று கரும்புக்காட்டில் எங்கேயோ இருக்கிறது. அண்ணன் மூச்சு வாங்க உட்கார்ந்து, "ஒரு வெள்ளாமைக்குப் போட்டது இன்னொரு வெள்ளாமைக்கு ஆச்சு, போங்க" என்று சிரித்தார். நங்கை வெல்லக் காப்பி கொண்டுவந்தார். அந்தோணி அண்ணனுக்குத்தான் முதல் டம்ளர். ஒரு வேலையும் செய்யாததற்கு, என்றார் மேரியக்கா.

அன்று இரவு அங்கேயே தங்கினோம். காலையில் பார்த்தால் மஞ்சள்காட்டில் தண்ணீர் வடிந்திருந்தது. கரும்பில் கணுக்கால் அளவு நின்றது. நங்கை எங்களைத் தன் அரை ஏக்கருக்குக் கூட்டிப்போனார். அங்கே சொட்டுநீர்க் குழாயில் உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வேரடியிலேயே விடுகிறார். "இவரு நம்பவே மாட்டேங்கறாருங்க. கை நெறைய அள்ளி வீசுனாத்தான் உரம் போட்டாப்புல இருக்குதாமா." அண்ணன் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தோணி அண்ணனிடம், கடல் எந்த மாதத்தில் பச்சையாகும் என்று மட்டும் கேட்டார். புரட்டாசி, ஐப்பசி என்றதும் தலையாட்டிக்கொண்டார்.

நீங்களும் போவதாக இருந்தால் சில குறிப்புகள். ஈரோடு – கரூர் ரயில் பாதையில் கொடுமுடி நிலையம் இருக்கிறது. ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் பேருந்து நிறைய. கோவையிலிருந்து சொந்தக் காரில் போக வரப் பெட்ரோல் எனக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. தங்குவதற்குக் கொடுமுடியில் வசதி குறைவு. நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஈரோடு நல்லது. ஆடிப் பெருக்கு சமயம் கூட்டம் நெரியும், அமைதி வேண்டுமென்றால் ஆவணியில் போங்கள். அணையில் தண்ணீர் திறந்திருக்கும்போது படித்துறையைத் தாண்டி இறங்காதீர்கள். மஞ்சள்காடு பச்சையாக இருப்பது மார்கழி வரை. அதன்பின் தழை காய்ந்துவிடும். யாருடைய காட்டுக்குள் போனாலும் கேட்டுவிட்டுப் போங்கள். உரம் போடுவது சரியா தப்பா என்று ஆரம்பிக்காமல், எப்போது போடுகிறீர்கள், ஏன் அப்போது போடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் ஆட்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கும், ஒரு பயமும் இருக்கும். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் கடலைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பதைத்தான் நான் இந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டேன்.

இனி, பிறகு நடந்தது. அந்தோணி அண்ணனின் கண் நன்றாகிவிட்டது. மஞ்சள்காட்டின் மூலையில் நாலு பாத்தி அழுகியது. மீதி நன்றாக நிற்கிறது. செந்தில் அண்ணன் முதல்முறையாக மண் பரிசோதனைக்குக் கொடுத்தார். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது, இந்தப் போகத்துக்கு அந்த உரமே வேண்டாம் என்று வந்ததாம். "இத்தனை வருசமா எதுக்குப் போட்டன்னே தெரியல" என்று நங்கையிடம் சொன்னாராம். என்னிடம் நேராகச் சொல்லமாட்டார்.

ஐப்பசி பிறந்ததும் நான் காலண்டரைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஒரு நாள் காலை மேரியக்கா கூப்பிட்டார்.

"பூங்கோரை வந்துருச்சு தங்கச்சி. போன வருசம் அளவுக்கு இல்ல. நாலஞ்சு நாள்ல கலைஞ்சிரும்போல. ஆனா வந்துருச்சு." உடனே இதையும் சேர்த்துச் சொன்னார்: "உங்க அண்ணன்கிட்ட சொல்லாத. வரப்பை வெட்டுன மனுஷன், வருத்தப்படுவாரு."

சரி என்றேன். அன்று சாயங்காலம் வேறு ஏதோ பேசப் போவதுபோல் அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் நாலைந்து பேர் பேசும் சத்தம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வாய்க்கா மேட்டுல அம்மிணி. பக்கத்துக் காட்டுக்காரங்க வந்திருக்கறாங்க. மானம் கருத்துச்சுன்னா யூரியாப் போடறதை ரண்டு நாளு தள்ளிப்போடலாம், வடிகாலுக்கு மின்னாடி ஆளுக்கொரு குட்டை வெட்டலாம்னு பேசிட்டிருக்கறோம். ஒருத்தன் சரிங்கறான், ரண்டு பேரு சண்டைக்கு வாராங்க."

"திடீர்னு என்னண்ணா?"

"காலைல அந்தோணிக்குப் போன் பண்ணுனேன். ஐப்பசியாச்சே, கடல் எப்படி இருக்குதுன்னு. எல்லாஞ் சொன்னாரு." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "அந்த அக்காகிட்ட நீ எதும் சொல்லாத கண்ணு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்கறது தெரிஞ்சா அது வெசனப்படும்."